உரோம வரலாற்று வலையொலியும் கேட்போர் கருத்தும்

முன்னுரை

சிறப்புப்பாயிரத்துள் அமைய வேண்டிய பொருள்களை எண்ணுமிடத்து நன்னூல், ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள் முதலியவற்றோடு கேட்போர் என்பதனையும் ஓர் உறுப்பாகக் கொள்கின்றது. ஒரு நூல் யார்க்கு எழுந்தது, யார் கேட்க உரைக்கப்பட்டது என்பது அந்நூலை அறிதற்கு இன்றியமையாதது என்பதே இம்மரபின் துணிபு. இறையனார் களவியலுக்கு உரை கண்ட கதையும் இக்கருத்தினை வேறொரு வகையால் வலியுறுத்தும். உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன் புலவர் பலர் உரையையும் கேட்டு வாளா இருந்தனன். மருதன் இளநாகனார் உரைக்கு இடையிடையேயும், நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தனன். அதுவே மெய்யுரைக்குச் சான்றாயிற்று என்பர். கேட்பவனே அங்கு நடுவனாயினான்.

கேட்போன் நடுவனாதல் எல்லாப் பொருட்கும் பொருந்துமா? இலக்கிய உரைக்குப் பொருந்துவது வரலாற்றுரைக்கும் பொருந்துமா? இவ்வினா இன்று புதுவலிமை பெற்றுள்ளது. பாட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் வழங்கும் ஒலித்தொடர்கள் வாயிலாகவே பழைய வரலாற்றை முதன்முதல் அறிவோர் தொகை பெருகி வருகின்றது. அவருள் பலர் தாம் கேட்டதைப் பற்றிக் கருத்தும் உரைக்கின்றனர். அக்கருத்துகள் எதனை அளக்கின்றன, எதனை அளவாது விடுகின்றன என்பதனை, உரோம வரலாறு பற்றிய புகழ்பெற்ற தொடர் ஒன்றைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் இயல்பு

அமெரிக்கரான மைக் டங்கன் என்பார் 2007-ஆம் ஆண்டில் தொடங்கி 2012-ஆம் ஆண்டில் நிறைவு செய்த 'உரோமின் வரலாறு' என்னும் தொடர் 179 எண்ணிட்ட பகுதிகளை உடையது. திராயிலிருந்து தப்பி வந்த ஈனியாஸ் பற்றிய கதையில் தொடங்கி, கி.பி. 476-இல் உரோமுலஸ் அகஸ்டுலஸ் அரியணை இழந்த நிகழ்ச்சியோடு மேலைப் பேரரசின் வரலாற்றை அது முடிக்கின்றது. ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட செய்தியை ஒருவரே எழுதி, ஒரே குரலில், கால முறை வழுவாது சொல்லிச் சென்றமை இத்தொடரின் தனித்தன்மை. டங்கன் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். ஆர்வத்தால் பயின்று சொன்னவர். பின்னர் 2017-இல், உரோமக் குடியரசின் வீழ்ச்சிக்கு முற்பட்ட தலைமுறைகளைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார்.

இத்தொடர் கேட்போரை ஆக்கியதோடு சொல்வோரையும் ஆக்கிற்று. இதனைக் கேட்டுத் தூண்டுதல் பெற்ற ஆங்கிலேயரான ராபின் பியர்சன், டங்கன் நிறுத்திய இடத்திலிருந்து கீழைப் பேரரசின் வரலாற்றை 'பைசாந்தியத்தின் வரலாறு' என்னும் பெயரால் 2012 முதல் சொல்லத் தொடங்கினார். கேட்டவர் சொல்பவர் ஆவது வாய்மொழி மரபு உயிரோடிருத்தற்கு அடையாளம். ஆதலின், இத்தொடரைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் முறையன்று.

கேட்போர் கூற்றுகள்

இத்தகைய தொடர்களைக் கேட்போர் கூறும் கருத்துகளைத் தொகுத்து நோக்கின், அவை நான்கு வகையுள் அடங்கும்.

முதலாவது, குரல் பற்றியது. தொடக்கப் பகுதிகளின் ஒலிப்பதிவு தெளிவின்றி உள்ளது, பிற்பகுதிகளில் சீர்பெற்றது என்பதும், குரல் அமைதியாக உள்ளது என்பதும், அதே அமைதியைச் சுவையின்மை எனச் சிலர் கொள்வதும் இவ்வகையின. பெயர்களை ஒலிக்கும் முறை பற்றிய குறையும் இதன்பாற்படும். சீசர் என்று ஆங்கில வழக்காக ஒலிக்கும் பெயரைப் பழைய உரோமர் கைசர் என்பதை ஒத்தே ஒலித்தனர். மொழியியல் நோக்கில் இக்குறை உண்மையே. எனினும், வரலாற்றின் மெய்ம்மை இதனால் கூடுவதும் குறைவதும் இல்லை.

இரண்டாவது, நடை பற்றியது. நண்பர் ஒருவர் அருகிருந்து சொல்வது போன்ற எளிமையும், இடையிடையே தோன்றும் உலர்ந்த நகைச்சுவையும் பலரால் பாராட்டப்படுகின்றன. டான் கார்லின் என்பார் குடியரசின் வீழ்ச்சியைப் பல மணி நேரம் நீளும் பகுதிகளாக, நாடகக் கனலோடு சொன்ன தொடரை இதனோடு ஒப்பிட்டு, ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவாரும் உளர்.

மூன்றாவது, பொருளின் பரப்புப் பற்றியது. பேரரசரும் படைத்தலைவரும் போர்களுமே மிகுதி. பெண்டிர், அடிமைகள், உழவர், வணிகர் வாழ்க்கை குறைவு என்பர். நால்வகையுள் இதுவே திறனாய்வுத் தகுதி மிக்கது. சொல்லப்பட்டது எப்படி என்பதோடு நில்லாது, சொல்லாது விடப்பட்டது யாது என்றும் இது வினவுகின்றது.

நான்காவது, நம்பகம் பற்றியது. இத்தொடரைக் கேட்ட பின்னரே உரோம வரலாறு தமக்கு விளங்கிற்று என்பார் பலர். 'இவர் இதனை எங்ஙனம் அறிந்தார்?' என்று கேட்பார் சிலரே. விளங்கிற்று என்பது ஒன்று. மெய்யெனத் தெளிந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கேட்போர் உள்ளத்தில் ஒன்றாகி விடுதலே நாம் ஆராய வேண்டிய சிக்கல்.

உரோமர் கண்ட கேள்வியரங்கு

வரலாற்றைக் காதால் கேட்டு மதிப்பிடுதல் இந்நூற்றாண்டுக்கே உரிய புதுமை எனக் கருதுதல் பொருந்தாது. உரோமரே தம் வரலாற்றை அவ்வாறு கேட்டனர். உள்நாட்டுப் போர்களின் வரலாற்றை எழுதிய அசினியஸ் பொல்லியோ, தாம் எழுதியவற்றை அழைக்கப்பெற்ற அவையோர் முன் படித்துக்காட்டிய முதல் உரோமர் என்று மூத்த செனெக்கா குறித்துள்ளார். அதன் பின்னர் இவ்வழக்கம் பரவிற்று. கேட்போரின் குணமும் குற்றமும் அன்றே வெளிப்பட்டன.

பிற்காலத்தில் பேரரசரான கிளாடியஸ் இளமையில் தம் வரலாற்று நூலை அவையில் படிக்கத் தொடங்கியபோது, பருத்த உடலினர் ஒருவர் அமர இருக்கைகள் முறிந்தன. அவையில் சிரிப்பு எழுந்தது. ஆரவாரம் அடங்கிய பின்னரும் அதனை நினைந்து நினைந்து கிளாடியஸ் தாமே சிரித்தமையால் படிப்புத் தடைப்பட்டது என்று ஸ்வெட்டோனியஸ் எழுதுகின்றார். பேரரசரான பின் அவர் தம் நூலைப் படிப்பாளர் ஒருவரைக் கொண்டு படிப்பித்தார். இளைய பிளினியும் தாம் செய்யுளை நன்கு படிப்பதில்லை எனக் கேள்வியுற்று, பிறரைப் படிக்கச் செய்யலாமா என்று ஸ்வெட்டோனியஸுக்கு மடல் எழுதி வினவினார். குரலைப் பற்றிய குறை அத்துணைப் பழமையுடையது.

பிளினியின் மற்றொரு மடல் கேட்போரின் சோம்பலைக் காட்டும். ஓர் ஏப்பிரல் திங்களில் ஏறத்தாழ நாள்தோறும் ஒருவர் தம் நூலைப் படித்தனர். அழைக்கப்பட்டோரோ வெளியே அமர்ந்து கதை பேசி, முன்னுரை முடிந்ததா, நூலின் பெரும்பகுதி கழிந்ததா என ஆள்விட்டு அறிந்து, பின்னரே மெல்ல உள்ளே வந்தனர். முன்னைய தலைமுறையின் ஆர்வத்தை இதற்கு மறுதலையாகக் காட்டுவார் அவர். பலட்டைன் குன்றில் உலவிய கிளாடியஸ் ஆரவாரம் கேட்டு, நோனியானஸ் தம் நூலைப் படிக்கின்றார் என அறிந்து, எவரும் எதிர்பாராவண்ணம் அவ்வரங்கிற் சென்று அமர்ந்தாராம்.

இவை சுவையான செய்திகள். ஆயின், கேட்போர் கருத்து உயிரைக் கவ்விய நிகழ்ச்சியும் உண்டு. கிரெமூட்டியஸ் கோர்டஸ் என்பார் தம் வரலாற்றுள் புரூட்டசைப் போற்றி, காசியசை உரோமருள் இறுதியானவர் என்று கூறினார். அகஸ்டஸ் காலத்தில் தீங்கு விளைக்காது நின்ற நூல் அது. திபேரியஸ் காலத்தில், கி.பி. 25-இல், அந்நூலே குற்றமாயிற்று. கோர்டஸ் உண்ணாது உயிர்விட்டார்; நூல்களை எரிக்க ஆட்சிமன்றம் ஆணையிட்டது. அவர் மகள் மார்சியா மறைத்துக் காத்தமையால் நூல் மீண்டும் வெளிப்பட்டது. நூலின் சொற்கள் மாறவில்லை. கேட்ட செவிகள் மாறின. ஒரு தலைமுறையின் ஏற்பும் மறு தலைமுறையின் சினமும் அந்நூலின் மெய்ம்மையை அளக்கும் கோல் ஆகவில்லை.

டைட்டஸ் லபியேனஸ் தம் வரலாற்றை அவையில் படிக்கையில் பெரும்பகுதியைச் சுருட்டி வைத்து, தாம் விடுத்தவை தம் இறப்பிற்குப் பின் படிக்கப்படும் என்றனராம். பிளினி காலத்திலோ, ஒருவர் உண்மை நிறைந்த நூலொன்றின் ஒரு பகுதியைப் படித்து, எஞ்சியதை மறுநாளைக்கு வைத்தபோது, அதனாற் பழிபடக் கூடியவரின் நண்பர்கள் வந்து இனிப் படிக்க வேண்டா என இரந்தனர், அவரும் இசைந்தார். கேட்போரின் அச்சமும் வெட்கமும் வரலாற்றை இடையறுத்தற்கு இவை சான்று. இரு நிகழ்ச்சியிலும் நூல் எஞ்சி நின்றது. பின்வருவோர் படிக்கலாம் என்ற நம்பிக்கையும் எஞ்சியது.

பார்த்தியப் போரை ஒட்டி எழுந்த வரலாறுகள் பலவற்றைக் கேட்டுச் சலித்து, வரலாறு எழுதும் முறை பற்றி நூல் செய்த லூசியன், கேட்போர்க்கு இன்பம் ஊட்டலே நோக்கமாயின் வரலாறு கெடும் என்றார். அவர் காட்டும் கதை நம் நாட்டு ஆற்றில் நிகழ்வது. அலெக்சாந்தர் ஜீலம் ஆற்றில் படகிற் செல்கையில், அரிஸ்டோபுலஸ் என்பார் அவரும் போரஸும் தனித்துப் பொருததாகத் தாம் புனைந்த பகுதியைப் படித்துக்காட்ட, அலெக்சாந்தர் அந்நூலைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாராம். கேட்டவர் நிகழ்ச்சியை நேரில் அறிந்தவர். ஆதலின் முகமன் அவரிடம் செல்லவில்லை. நிகழ்ச்சியை அறியாத கேட்போரிடம் அதே பகுதி பெரும்பாராட்டைப் பெற்றிருக்கும். இவ்வேறுபாட்டை உளங்கொண்டே நம் காலத்துக் கேட்போர் கருத்தை நோக்குதல் வேண்டும்.

அரேலியன்: ஓர் அளவுகோல்

டங்கன் தொடரைக் கேட்டோர் பலர் அதன் வழியாகவே அரேலியன் என்னும் பேரரசரை அறிந்து, அவரைத் தம் விருப்பத்திற்குரிய தலைவராகக் கொண்டனர். அவ்விருப்பிற்குக் காரணமும் உண்டு. கி.பி. 235 முதல் 284 வரை பேரரசு சிதைந்து நின்ற காலத்தில், 270-இல் ஆட்சி ஏற்ற அரேலியன் ஐந்தாண்டுக்குள் சிதைந்தவற்றை ஒன்றாக்கினார். 272-இல் பல்மைராவின் அரசி செனோபியாவை வென்றார். 274-இல் பிரிந்து நின்ற கால் நாட்டை மீட்டார். உரோம் நகரைச் சுற்றி ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீள மதிலை எடுக்கத் தொடங்கினார். 275-இல் தம்மவராலேயே கொல்லப்பட்டார். எழுச்சியும் அவலமும் நிறைந்த கதை இது.

இக்கதைக்குச் சான்று யாது? காசியஸ் டியோவின் வரலாறு 229-இல் முடிகின்றது. ஹெரோடியன் 238-இல் நிறுத்துகின்றார். அதன்பின் நிலவுவது பெரும் வறுமை. நான்காம் நூற்றாண்டுச் சுருக்க நூல்களும், காலத்தாற் பிற்பட்ட சோசிமஸின் நூலும் சில சொல்லும். அரேலியனுக்கு விரிந்த வாழ்க்கை வரலாறாக இலத்தீனில் நிற்பது 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்னும் தொகுதியின் ஒரு பகுதியே. ஆறு ஆசிரியர் எழுதியதாகத் தன்னைக் கூறிக்கொள்ளும் அத்தொகுதி, பிற்காலத்து ஒருவர் கைவேலை என்று 1889-இல் ஹெர்மன் டெசாவ் வாதிட்டார். பின்னர் ரானல்ட் சைம் முதலியோர் அதனை வலுப்படுத்தினர். செனோபியாவும் அரேலியனும் எழுதிக்கொண்டனவாக அது தரும் மடல்கள் புனைவு என்பதே ஆய்வாளர் கொள்கை. அரேலியன் வரலாற்றின் தொடக்கத்திலேயே, வரலாற்றாசிரியருள் பொய் கூறாதார் இலர், ஆதலின் விரும்பியவாறே எழுதுக என ஒருவர் ஆசிரியருக்கு ஊக்கம் அளிப்பதாகவும் ஓர் உரையாடல் உளது. நூல் தன்னைத் தானே எள்ளுவது போன்ற இப்பகுதி, ஆய்வாளர்க்கு எச்சரிக்கையாகும்.

எனவே, கேட்போர் பெரிதும் போற்றும் தலைவர்களுள் ஒருவருக்கு விரிந்த எழுத்துச் சான்று மிகமிக ஐயத்திற்குரியதாக உள்ளது. அரேலியன் செயல்கள் பொய் என்பது இதன் பொருளன்று. மதிலின் பெரும்பகுதி இன்றும் நிற்கின்றது. உலகை மீட்டோன் என்று அவரைப் போற்றும் காசுகள் கிடைத்துள்ளன. கல்லும் காசும் காட்டும் அரேலியன் ஒருவர். கதை காட்டும் அரேலியன் மற்றொருவர். செவிக்கு இருவரும் ஒருவரே.

இச்சிக்கல் மூன்றாம் நூற்றாண்டுக்கு மட்டும் உரியதன்று. திபேரியஸ் ஆட்சியைப் பெரும்பாலும் டாசிட்டஸ் வழி அறிகின்றோம். அடுத்து வந்த கலிகுலாவின் ஆட்சி, கி.பி. 37 முதல் 41 வரை, டாசிட்டஸ் நூலில் அழிந்துபோன பகுதியுள் அடங்கிற்று. அங்கு ஸ்வெட்டோனியசையும் காசியஸ் டியோவையும் சார வேண்டியவர் ஆகின்றோம். இரு ஆட்சிகட்கும் இடையே சான்றின் தன்மையே மாறிவிடுகின்றது. அச்சு நூலைப் படிப்பவன் அடிக்குறிப்பில் இம்மாற்றத்தைக் காண்பான். ஒலித்தொடரைக் கேட்பவனுக்கோ, குரல் ஒரே நிரலாய்ச் செல்கின்றது. சொல்பவர் ஒருமுறை ஐயம் தெரிவித்தாராயினும் அவ்வையம் அந்நொடியோடு மறைய, கதை மட்டும் நெஞ்சில் தங்குகின்றது. குரலின் ஒருமை சான்றின் ஒருமையாகத் தோற்றுகின்றது. நம்பகம் பற்றிய கேட்போர் கருத்து எழுவது இம்மயக்கத்திலிருந்தேயாம்.

ஒரு தடையும் விடையும்

'இது கேட்போர் குற்றமன்று. வரலாறு நிறுவுதற்கன்று, சொல்லுதற்கே எழுதப்படுவது என்று குயின்டிலியனே கூறினாரன்றோ?' என வினவலாம். கூறினார், ஆயின், அவர் அவ்வாறு கூறியது நாவலராக விரும்புவோர்க்கு. வரலாற்று நடையைப் படித்து மகிழ்க, வழக்குமன்றத்தில் அதனைப் பின்பற்றற்க என்பதே அவர் கருத்து. வரலாற்றுக்குச் சான்று வேண்டா என்பது அதன் பொருளன்று.

அடிக்குறிப்பு இல்லாத காலத்து வரலாற்றாசிரியர் தம் ஐயத்தை எங்கு வைத்தனர் என நோக்கின், இத்தடைக்கு விடை புலனாகும். அவர்கள் அதனைச் சொற்றொடரினுள்ளேயே வைத்தனர். நகர் தோன்றுதற்கு முற்பட்ட செய்திகள் கவிதைப் புனைவு கலந்தவை, அவற்றைத் தாம் உறுதிப்படுத்தவும் மறுக்கவும் போவதில்லை என்று லிவி தம் முன்னுரையிலேயே கூறிவிடுகின்றார். அவர் உரைநடையுள் 'ஃபெருன்ட்', 'டிகிட்டுர்', 'ட்ராடிட்டுர்' என்னும் வினைகள் அடுத்தடுத்து வரும். 'என்பர்', 'எனப்படுகின்றது', 'வழிவழி வருகின்றது' என்பன அவற்றின் பொருள். கேட்பவன் கண்ணைக் கீழே செலுத்த வேண்டுவதில்லை. வினைச்சொல்லே சான்றின் வலிமையைச் செவிக்கு உணர்த்தும்.

தமிழ் பயின்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் 'என்ப' எனவும் 'என்மனார் புலவர்' எனவும் நூற்பாக்களை முடித்தமையை மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். ஆசிரியர் தம் கூற்றுக்கும் முன்னோர் கூற்றுக்கும் உள்ள உறவினைச் செவிவழிக் கல்வியில் காத்த கருவி அது. உரோமரும் தமிழரும் ஒருவரிடமிருந்து ஒருவர் இதனைக் கொண்டனர் என்பது நம் கருத்தன்று. வாயாற் சொல்லிக் காதாற் கேட்கும் கல்வி நிலைத்த இடங்களில், சான்றினைச் சொல்லோடு பிணைக்கும் தேவை தானே தோன்றும் என்பதே கருத்து.

ஆகவே, வலையொலி வரலாற்றின் குறை அடிக்குறிப்பு இன்மை என்பது முழுதும் சரியன்று. 'என்ப' என்னும் சொல்லின் அருமையே குறையாகும். கேட்போர் கருத்துகளுள்ளும் இக்குறையை எடுத்துக் கூறுவார் சிலரே. தயக்கமின்றித் தெளிவாகச் சொல்கின்றார் என்னும் பாராட்டே மிகுதி. சில இடங்களில் தயங்குதலே வரலாற்றாசிரியரின் கடன். அத்தயக்கத்தைக் குறையெனக் கேட்போர் கூறுவாராயின், சொல்வோர் நாளடைவில் அதனை விட்டொழிப்பர். பாராட்டும் ஒருவகை ஆணையே. ஆட்சிமன்றம் நூலை எரித்தது. பாராட்டு ஐயத்தை எரித்துவிடக் கூடும். பின்னையது ஓசையின்றி நிகழ்வது.

முடிவுரை

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவன இவை. குரலும் நடையும் பற்றிக் கேட்போர் கூறுவன, தொடரின் சொல்லும் முறைக்கும் அதன் பயனுக்கும் உண்மையான சான்றுகள். அவற்றை ஆய்வாளர் மதித்தல் வேண்டும். ஏறத்தாழ ஐந்தாண்டு ஒருவர் உரோமின் வரலாறு சொல்ல, மற்றொருவர் அதனைக் கேட்டுப் பைசாந்தியத்தின் வரலாற்றைத் தொடங்கினார் என்பது எளிய பயனன்று. விடுபட்ட பொருள் பற்றிக் கேட்போர் கூறுவன திறனாய்வாகவே கொள்ளத்தக்கன. நம்பகம் பற்றிக் கூறுவனவோ, குரலின் ஒருமையைச் சான்றின் ஒருமையாகக் கொண்ட மயக்கத்தாற் பிறப்பன. அவற்றைப் பொருளின் மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

நன்னூலார் கேட்போரையும் பயனையும் தனித்தனி உறுப்பாகக் கொண்டமையும், நுதலிய பொருளை அவற்றின் வேறாக எண்ணியமையும் இப்பாகுபாட்டிற்கு அரணாகும். கேட்போர் மகிழ்ந்தனர் என்பதனால் பொருள் மெய்யாகாது. மகிழ்ந்திலர் என்பதனால் பொய்யாகவும் ஆகாது. உருத்திரசன்மன் கண்ணீர் உரைக்குச் சான்றாகலாம். அரேலியனுக்குச் சான்று மதிலும் காசுமே.

வரலாற்றைச் செவிவழிப் பயிலும் மாணவர் ஒவ்வொரு செய்தியிலும், இதனைச் சொன்னவர் யார், நிகழ்ச்சிக்கு எத்துணை ஆண்டு பிற்பட்டவர், அவரை மறுக்கும் கல்லோ காசோ பிறிதொரு நூலோ உண்டோ என்னும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வாராக. தமிழ்த்துறையினர் இவ்வகைத் தொடர்களைத் தமிழில் ஆக்க முற்படுங்கால், நம் இலக்கணம் பேணிவந்த 'என்ப' என்னும் சிறுசொல்லை மறவாது உடன்கொண்டு செல்வாராக.